பழைய பட்டுக்குக் கத்தரியா, உலையா?

மதுரைத் தெருக்களில் முற்பகல் வேளையில் ஒரு குரல் போகும். முன்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு தொண்டை வற்றக் கூவினார்கள். இப்போது வண்டியில் கட்டிய ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல். பழைய பட்டுச்சேலை, கிழிந்த பட்டு, ஜரிகை வேட்டி, எதுவானாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டே போகும். வாங்கிப் போகிறவர் அதை யாருக்காவது உடுத்தக் கொடுப்பார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது நெருப்புக்குத்தான் போகிறது. பட்டு சாம்பலாகும், ஜரிகையில் இருந்த வெள்ளி மிஞ்சும், அதை உருக்கி எடுப்பார்கள்.

சுத்த ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் அரசு ஜரிகை ஆலை வைத்திருக்கும் அளவுகோலின்படி அதன் எடையில் சுமார் 40 சதவீதம் வெள்ளி. தங்கம் ஒரு சதவீதம்கூட இல்லை. மீதி செம்பும் பட்டு நூலும். வெள்ளி விலை ஏற ஏறப் பழைய சேலைக்குக் கிராக்கி கூடுவது இதனால்தான். நம் ஊரில் பழைய பட்டு குப்பைக்குப் போவதில்லை. அதற்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது. பெரும்பாலும் அடிமாட்டு விலை.

அதே சேலையைக் கொளுத்தாமல் பிரித்து, வெட்டி, வேறொரு உடையாகத் தைத்து, புதுத்துணி உடையைவிடக் கூடுதல் விலைக்கு விற்கும் டிசைனர்கள் பெருகியிருக்கிறார்கள். பழைய துணியில் புது உடை என்றால் என்ன, அதை எப்படிச் செய்கிறார்கள், பீரோவில் அம்மாவின் கல்யாணச் சேலையை வைத்திருப்பவர் கொடுத்துத் தைக்கலாமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய துணியை வைத்து நடக்கும் தொழில்கள் பல. அப்படியே துவைத்து மடித்து விற்பது ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் வயதான உடையை வின்டேஜ் என்பது அந்த வியாபாரத்தின் பொது வழக்கம். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்பது இன்னொன்று. ஹரியானாவின் பானிபட் இதற்குப் பேர்போனது. வெளிநாடுகளில் இருந்து வரும் பழைய கம்பளி உடைகள் அங்கே போர்வையாகின்றன. நம் பக்கத்திலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுக்கழிவு மறுபடி நூலாகிறது. இந்த வழியில் நார் மட்டும்தான் மிஞ்சும். நெசவு, கரை, புட்டா எல்லாம் போய்விடும். டிசைனர்கள் செய்வதோ மூன்றாவது வகை. நெசவை நெசவாகவே வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் மாற்றுவது. பழசு என்பது வெளியே தெரிய வேண்டும், அதுதான் இதன் அழகும் விலையும். இடுப்பைப் பிடித்துக் கொடுக்கும் ஆல்டரேஷன் கடை வேலை இதில் சேராது.

ஃபேஷன் உலகில் இதற்கு மரியாதை வாங்கித் தந்தவர்களில் முக்கியமானவர் பெல்ஜியத்துக்காரர் மார்ட்டின் மார்ஜியேலா. 1988-ல் பாரிஸில் ஃபேஷன் நிறுவனம் தொடங்கியவர், ராணுவத்தார் போடும் காலுறைகளைப் பிரித்துச் சேர்த்து ஸ்வெட்டர் தைத்தார். குதிகால் மடங்கும் இடத்தை மார்புக்கும் முழங்கைக்கும் வரும்படி வைத்ததில்தான் அவர் மூளை தெரிகிறது. மாலி நாட்டில் பிறந்து பாரிஸில் தொழில் செய்த லாமின் குயாட்டே, சந்தையில் கிடைத்த பழைய உடைகளைச் சிவப்பு நூலால், தையல் வெளியே தெரியும்படி இணைத்தார். தைத்ததை ஒளிக்காததே அவர் முத்திரையாகிவிட்டது. இங்கே கொல்கத்தாவின் லதாசீதா பழைய சேலைகளில் உடை செய்கிறது. டெல்லியின் டூட்லேஜ் ஆலைகளில் மிஞ்சும் துணியையும் கழிவையும் எடுத்துக்கொள்கிறது. அமித் அகர்வால் பழைய பனாரஸ், படோலா சேலைகளைப் பாலிமரோடு சேர்த்து மேடைக்குக் கொண்டுவந்தார். வங்காளத்துக் கிராமப் பெண்களோ இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி. நைந்த சேலைகளை அடுக்கி வைத்து, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் கந்தா என்னும் போர்வை தைத்தவர்கள் அவர்கள்.

மதுரையில் இந்தத் தொழில் வேறு மாதிரிதான் நடக்க முடியும் என்பது என் எண்ணம். பழைய துணியைப் பற்றி நமக்கு இரண்டு மனசு. பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டியில். தொட்டில் கட்டுவது ஆத்தாவின் நூல் சேலையில். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, அதை அணிந்துதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். பெருமாள் உடுத்துக் களைந்த ஆடையை உடுத்துவதைத் தொண்டரின் பேறாகப் பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் சொல்கிறார். அவர் அதைப் பாடியது மதுரையில் என்பது வைணவ மரபு. அம்மனுக்குச் சாத்திய புடவையைப் போட்டி போட்டு ஏலம் எடுப்பவர்கள் நாம். ஆனால் முன்பின் தெரியாதவர் உடுத்திய சேலையைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் முகம் சுளிப்போம். யார் வீட்டுச் சேலையோ, எந்தக் காரியத்துக்குக் கட்டியதோ என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதனால் இந்த ஊருக்கு வின்டேஜ் கடையைவிட, வீட்டுச் சேலையைக் கொடுத்துத் தைத்துக்கொள்ளும் முறைதான் ஒத்துவரும். அம்மாவின் பட்டில் மகளுக்குப் பாவாடை சட்டை தைக்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. டிசைனர் செய்வது அதன் நீட்சிதான்.

வெட்டி ஒட்டித் தைக்கும் கையும் இந்த ஊருக்குப் புதிதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் பல தலைமுறையாகத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலைத் தூணுக்குப் பக்கத்தில் தையல் மெஷின். அவர்களில் பலர் இஸ்லாமியர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் கருப்பசாமி வேடக்காரர்களும் போடும் பளபளப்பான உடை, குல்லாய் எல்லாம் அங்கே தைத்தவைதான். மண்டபத்தைப் பழையபடி சீரமைப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைப் பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தேரில் தொங்கும் தொம்பையையும் சாமிக் குடையையும் கவனித்தால், ஒரு நிறத் துணியின்மேல் இன்னொரு நிறத்தை வெட்டி வைத்து, ஓரம் மடித்துத் தைத்திருப்பது தெரியும். நைந்த பட்டைப் புதுத்துணிமேல் வைத்துக் காப்பாற்றுவதும் இதே வேலைதான்.

சேலையில் எது தேறும்?

இந்தத் தொழிலின் உயிர்நாடி தையலில் இல்லை; பழைய சேலையை விரித்துப் போட்டு எந்தப் பகுதி தேறும், எது தேறாது என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. கைதேர்ந்தவர் கத்தரியை எடுக்கும் முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கையகலம் கையகலமாக நகர்த்திப் பார்ப்பார். நெசவு விலகிய இடம் வெளிச்சத்தில் சல்லடையாகத் தெரியும். பிறகு இரண்டு கட்டை விரலாலும் மெதுவாக இழுத்துப் பார்ப்பார். நல்ல பட்டு தாங்கும். செத்த பட்டு, சருகு ஒடிகிற சின்னச் சத்தத்தோடு நீளவாக்கில் பிளக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நல்ல தையல்காரர், “இது தாங்காதுக்கா, உள்ளே துணி வச்சுத்தான் தைக்கணும்” என்று நேராகச் சொல்லிவிடுவார். சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஒரு சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பழசாவதில்லை. முந்தானையில் தோளுக்கு வரும் இடத்தில் சேஃப்டி பின் குத்திக் குத்தி ஓட்டைகள் வரிசையாக இருக்கும். கீழ்க்கரை தரையில் இழுபட்டும் குதிகாலில் மிதிபட்டும் மெட்டியில் மாட்டியும் பிசிறு அடித்திருக்கும். மேல்கரை இடுப்பில் செருகியே இருந்ததால் வியர்வை குடித்து ஜரிகை கறுத்திருக்கலாம், ஆனால் அவ்வளவாக நைந்திருக்காது. பலர் கண்டுகொள்ளாமல் விடும் புதையல் அதுதான். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்திருந்தால் மடிப்புக் கோட்டிலேயே சேலையின் உடல் கிழியும். இன்னும் வெட்டாமல் சேலையோடு ஒட்டியே கிடக்கும் ரவிக்கைத் துணி இருந்தால் அதிர்ஷ்டம். நிறமும் பலமும் அதில்தான் முழுசாக இருக்கும்.

காஞ்சிபுரம் சேலையில் கோர்வை என்ற வேலைப்பாடு உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்க, தறியிலேயே இரண்டையும் கோத்து நெய்வது. பழைய கோர்வைச் சேலையில் அந்தக் கோத்த இடம் விட்டுப்போவது சகஜம். அப்படி விட்டுப்போன சேலையைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. கரை தனியாகவும் உடல் தனியாகவும் கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உடல் முழுக்க நைந்து கரை மட்டும் திடமாக இருந்தால், கரையைப் பிரித்து எடுத்துப் புதுப் பட்டிலோ கைத்தறிப் பருத்தியிலோ வைத்துத் தைப்பார்கள். நம் ஊரில் அதிகம் நடப்பதும் எளிதில் கெட்டுப்போகாததும் இந்த வேலைதான்.

ஜரிகை நிஜமா என்று தெரிந்துகொள்வதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். ஓரத்தில் ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினால், சுத்த ஜரிகையில் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளியும் அதற்குள்ளே பெரும்பாலும் சிவப்புப் பட்டு நூலும் தெரியும். பாலியெஸ்டர் நூலின்மேல் பளபளப்பு ஒட்டியதாக இருந்தால் அதில் வெள்ளி கிடையாது; உடையாக்குவதில் தப்பில்லை, இஸ்திரிப் பெட்டிச் சூடு மட்டும் அதற்கு ஆகாது.

வெட்டும்போது நடப்பவை

சேலையின் கரை நீளவாக்கில் ஓடுகிறது. பாவாடைக்கு அந்தக் கரை கீழே வர வேண்டும் என்றால் சேலையைப் பக்கவாட்டில் திருப்பிச் சுற்ற வேண்டும். அப்போது சேலையின் அகலம்தான் பாவாடையின் உயரம். பெரியவர்களுக்கும் அது போதும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அம்ப்ரெல்லா கட் கேட்டு வரும்போது. அந்த வெட்டில் கீழ் ஓரம் வட்டமாக வளையும். நேராக நெய்த கரை வளையாது. வளைத்தே ஆக வேண்டும் என்றால் கரையைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டியிருக்கும். அதனால் பழைய பட்டுக்குச் சுருக்கு வைத்த பாவாடைதான் பொருத்தம். துணியை வீணாக்காது, இடுப்பில் மட்டும் பிடித்து மற்ற இடத்தைத் தளர விட்டுவிடும்.

ரவிக்கைதான் பழைய பட்டுக்கு எமன். தோளும் அக்குளும் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுபடும், வியர்வையும் அங்கேதான். அதனால் அனுபவசாலிகள் உள்ளே கெட்டியான பருத்தி லைனிங்கை மேல்துணியைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வெட்டி வைப்பார்கள். இழுவை முழுக்க லைனிங்கில் விழும். மேலே பட்டு சும்மா படுத்திருக்கும். முதுகுப் பக்கத்துக்கு முந்தானைப் புட்டாவை வைத்துவிட்டு, அக்குளுக்கு மட்டும் நிறம் பொருந்திய புதுத்துணி வைப்பவர்களும் உண்டு.

தையலையும் கவனிக்க வேண்டும். பட்டில் ஊசி போன இடம் மறையாது. பிரித்துத் தைத்தால் பழைய ஓட்டை வரிசை தெரியும். எனவே முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்து, உடலுக்குப் போட்டுப் பார்த்து, அளவு சரியான பிறகே பட்டில் கை வைக்க வேண்டும். மெல்லிய புது ஊசி போட்டு, தையலைச் சற்று நீளமாக விடச் சொல்லுங்கள். நெருக்கமாகத் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். நூலும் துணியைவிடப் பலமாக இருக்கக் கூடாது. கடையில் சாதாரணமாகப் போடும் பாலியெஸ்டர் நூல் பழைய பட்டை அறுக்கும். பருத்தி நூல் நல்லது. ஜரிகையை வெட்டும் இடத்தில் இழை பிரிந்து ஓடும் என்பதால், வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் முன்கூட்டியே ஒரு தையல் ஓட்டிவிடுவார்கள்.

பட்டு இல்லாதவர்களுக்கு நூல் சேலை இருக்கிறது. பராமரிக்கவும் அதுதான் சுலபம். மதுரைச் சௌராஷ்டிர மக்களின் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் கடையில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ ஸ்கிரீனிலோ அடித்தது. பாட்டி காலத்துக் கைமுடிச்சுச் சுங்குடி வீட்டில் இருந்தால் அடையாளம் காண்பது எளிது. துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்கியதால் ஒரு புள்ளியைப் போல இன்னொன்று இருக்காது. ஓரம் கூர்மையாக இல்லாமல் சாயம் சற்றுக் கசிந்திருக்கும். விரலால் தடவினால் கட்டிய இடம் லேசாகப் புடைத்திருப்பதையும் சில சேலைகளில் உணரலாம். பல வருடம் துவைத்து மெத்தென்று ஆன இந்தத் துணியில் தொளதொளவென்ற குர்த்தாவும் ஆண்களுக்கு அரைக்கைச் சட்டையும் மதுரை வெயிலுக்குச் சொல்லிவைத்தது போல இருக்கும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கியும் அப்படித்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கெட்டிக் கட்டம் போட்ட சேலை, ஜாக்கெட்டுக்கும் கோட்டுக்கும்கூடத் தாங்கும்.

விலையைக் கேட்டால்தான் பலருக்குத் தலை சுற்றுகிறது. துணியை நாமே கொடுத்தபிறகு இவ்வளவு கூலியா என்று தோன்றும். பெரிய கார்மென்ட் கம்பெனியில் புதுத்துணியை அடுக்கடுக்காக விரித்து, ஒரே வெட்டில் ஏராளமான உடைகளுக்கான துண்டுகளை எடுத்துவிடுவார்கள். இங்கே ஒரு சேலைக்குப் போட்ட கணக்கு அடுத்த சேலைக்கு உதவாது. ஒவ்வொரு கிழிசலும் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபால்ஸ் பிரிப்பது, பழைய தையலை ஒவ்வொன்றாக எடுப்பது, கறை இல்லாத இடம் பார்த்துக் குறிப்பது என்று பாதி நேரம் மெஷின் பக்கமே போகாமல் கழியும். அந்தக் கூலி நியாயமானதுதான். டிசைனர் பெயருக்காக மேலே ஏறும் தொகை நியாயமா என்பது வாங்குகிறவர் பாடு. ஆனால் கொடுக்கும்போதே ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள்: வெட்டிய துண்டுகள் அத்தனையையும் திருப்பித் தர வேண்டும். சுத்த ஜரிகை ஒட்டிய துண்டுக்கு எடைக்கு விலை உண்டு என்பது உங்களுக்கு இப்போது தெரியும். தையல்காரருக்கு முன்பே தெரியும்.

இதனால் பூமி காப்பாற்றப்படுகிறது என்று விளம்பரங்கள் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். உடைக்காகப் பயன்படுத்தும் பொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் மறுபடி உடையாகிறது என்று எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் சொன்னது. அந்தப் பெரும் குவியலில் இந்த டிசைனர்கள் தொடுவது கைப்பிடி. நூலுக்கும் சாயத்துக்கும் செலவாகும் தண்ணீர் ஓர் உடையளவுக்கு மிச்சம் என்பது உண்மை. அம்மாவின் சேலை உலைக்குப் போகாமல் மகளின் உடம்பில் கிடக்கிறது என்பதும் உண்மை. அதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாப் பழைய சேலையையும் வெட்டிவிட வேண்டும் என்றும் இல்லை. கோர்வை விடாமல், மடிப்பு கிழியாமல், முந்தானை முழுசாக இருக்கும் ஒரு சேலையை லெஹங்காவுக்காக வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோர்வை நெய்யும் நெசவாளர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொள்வதுதான் அதற்குச் செய்யும் நல்ல காரியம். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கிழிந்திருந்தால் டார்னிங் செய்பவரிடம் கொடுத்து இழையோட்டி வாங்கிவிடலாம், அல்லது பின்னால் வலைத்துணி கொடுத்துத் தைத்து நிறுத்தலாம். வெட்டுவது கடைசி வழி. வெட்டுமுன் வீட்டில் அந்தச் சேலைமேல் பாசம் வைத்த மற்றவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சின்னம்மா மகளுக்கும் அதில் ஒரு கண் இருந்திருக்கலாம்.

தைத்து வாங்கியபின் பட்டைத் தண்ணீரில் போடாதீர்கள், பிளீச் பக்கம் கொண்டுபோகவே கூடாது. குளோரின் பட்டைக் கரைத்துவிடும். போட்டுக் கழற்றியதும் நிழலில் காற்றாட விட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பாலிதீன் உறை வேண்டாம், அந்துருண்டை ஜரிகைமேல் படவே வேண்டாம். பாரமான ஜரிகைப் பாவாடையை ஹேங்கரில் மாட்டினால் இடுப்புத் தையலில் எடை இறங்கும்; படுக்கை வாட்டில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை இடம் மாற்றினால் போதும். இஸ்திரி போட வேண்டியிருந்தால் உடையை உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்கச் சொல்லுங்கள்.